கென்ட்டில் உடம்புக்கு முடியாமல் போனால் எந்தக் கதவைத் தட்டுவது?

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கென்ட் மாவட்டத்தில், கேன்டர்பரி ஊருக்குள் கென்ட் அண்ட் கேன்டர்பரி என்று ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. சிறுநீரக நோய்க்கும் ரத்தக்குழாய் அறுவைக்கும் கிழக்கு கென்ட் முழுவதிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். ஆனால் நடுராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றால் ஆபத்து. அங்கே ஏ அண்ட் ஈ, அதாவது உயிர்காக்கும் அவசரப் பிரிவு, கிடையாது. சின்ன அவசரங்களைப் பார்க்கும் மையம் மட்டும்தான் உண்டு. உங்களை அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றி சுமார் 15 மைல் தள்ளி இருக்கும் ஆஷ்ஃபர்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். போன நேரம் போனதுதான்.

கென்ட்டுக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள், நர்ஸ் வேலைக்கு வந்தாலும் படிக்க வந்தாலும், முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கிட்ட இருக்கும் பெரிய கட்டடம் எல்லா நோய்க்கும் வாசல் ஆகாது. இங்கே வாசல்கள் பல. எதற்கு எது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே தெரிந்துவைத்துக்கொண்டால், முடியாமல் போகும் நாளில் அலைய வேண்டியதில்லை.

யார் எதை நடத்துகிறார்கள்

என்.எச்.எஸ். என்ற அரசு சுகாதார சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. வரிப்பணத்தில் நடக்கிறது, பார்த்து முடித்ததும் யாரும் பில் நீட்டுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நிறுவனம் போலத் தெரிந்தாலும், உள்ளே அது தனித்தனி அமைப்புகளின் கூட்டம். ஆஸ்பத்திரிகளை 'டிரஸ்ட்' என்ற அமைப்புகள் நடத்துகின்றன. கென்ட்டிலும் பக்கத்து மெட்வேயிலும் சேர்த்து பெரிய ஆஸ்பத்திரி டிரஸ்டுகள் நான்கு.

கிழக்கு கென்ட் டிரஸ்டின் கையில் ஆஷ்ஃபர்டின் வில்லியம் ஹார்வி, மார்கேட்டின் குயீன் எலிசபெத் த குயீன் மதர், மேலே சொன்ன கேன்டர்பரி ஆஸ்பத்திரி மூன்றும் இருக்கின்றன. டோவர், ஃபோக்ஸ்டன் ஊர்களில் சிறிய ஆஸ்பத்திரிகளும் உண்டு. (ரத்தம் உடம்பைச் சுற்றி ஓடுகிறது என்று 1628-ல் எழுதி நிறுவிய வில்லியம் ஹார்வி ஃபோக்ஸ்டனில் பிறந்தவர், இதய அடைப்பு நோயாளிகள் போய்ச் சேரும் ஆஸ்பத்திரிக்கு அவர் பெயர் பொருத்தம்தான்.) மெய்ட்ஸ்டன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஆஸ்பத்திரிகள் இரண்டும் ஒரு டிரஸ்ட். டார்ட்ஃபர்டின் டேரன்ட் வேலி ஒரு டிரஸ்ட். கில்லிங்ஹாமின் மெட்வே மேரிடைம் இன்னொன்று. 1905-ல் கடற்படை ஆஸ்பத்திரியாகத் திறக்கப்பட்ட இடம் அது.

மனநலத்துக்கும், வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸ் போன்ற சமூக சேவைகளுக்கும் தனி டிரஸ்டுகள். ஆம்புலன்ஸ் சவுத் ஈஸ்ட் கோஸ்ட் என்ற இன்னொரு அமைப்பு. இவர்களுக்கெல்லாம் பணம் பிரித்துக் கொடுத்துத் திட்டமிடுவது கென்ட் அண்ட் மெட்வே ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியம். 2022 ஜூலை 1-ல் உருவான அது சுமார் 19 லட்சம் பேருக்குப் பொறுப்பு. உங்கள் தெருமுனை ஜி.பி. சர்ஜரி (ஜி.பி. என்றால் குடும்ப டாக்டர், சர்ஜரி என்றால் இங்கே அவருடைய கிளினிக்) பெரும்பாலும் டாக்டர்கள் கூட்டாக நடத்தும் தனித் தொழில், என்.எச்.எஸ்.ஸுடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வேலை செய்கிறது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறோம் என்றால், ஒவ்வொரு அமைப்புக்கும் கம்ப்யூட்டர் வேறு. மார்கேட்டில் எடுத்த ஸ்கேனை மெட்வே டாக்டர் பார்த்திருப்பார் என்று நம்பி உட்காரக் கூடாது. தகவல் பகிரும் வசதி இருக்கிறது, ஆனால் எல்லாமே அதில் வந்துவிடுவதில்லை. எங்கே போனாலும் மூன்றைக் கையில் வைத்திருங்கள்: 10 இலக்க என்.எச்.எஸ். எண், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை உள்ள மருந்துகளின் பெயர். மாத்திரையை பிராண்டு பெயரில் எழுதாமல் மருந்தின் பெயரில் எழுதுங்கள். 'டோலோ' என்றால் இங்கே யாருக்கும் புரியாது, 'பாராசிட்டமால்' என்றால் உடனே புரியும்.

முதல் கதவு: ஜி.பி.

காது, மூக்கு, முட்டி, தோல் எதுவானாலும் முதலில் ஜி.பி.தான். ஸ்பெஷலிஸ்ட்டிடம் நீங்களாக நேரே போக முடியாது, ஜி.பி. கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். அதனால் வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். ஜூரம் வந்த அன்று படிவம் நிரப்ப உட்கார்ந்தால் தாமதமாகும்.

சர்ஜரிக்கு ஒரு எல்லை உண்டு. உங்கள் போஸ்ட்கோட் அதற்குள் வருகிறதா என்று பார்த்து ஆன்லைனில் பதியலாம், அல்லது ஜி.எம்.எஸ்.1 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், விசா எதையும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்பார்கள், இருந்தால் கொடுங்கள். ஆனால் 'முகவரிச் சான்று இல்லையா, அப்படியானால் முடியாது' என்று ரிசப்ஷனிஸ்ட் சொன்னால் அது விதிக்குப் புறம்பானது. மறுப்பதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும்; அதை 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். 'காரணத்தை எழுதிக் கொடுங்கள்' என்று பணிவாகக் கேட்டாலே பல இடங்களில் பதிவு நடந்துவிடும்.

சர்ஜரியின் வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 6:30. காலை 8 மணிக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் போன் செய்வதால் லைன் கிடைக்காது. அவசரமில்லாத விஷயத்துக்கு ஆன்லைன் படிவம் நல்லது. 2025 அக்டோபர் 1 முதல் வேலை நேரம் முழுக்க அந்தப் படிவத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. அதில் எழுதும்போது 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் எழுதினால் பட்டியலின் அடிக்குப் போய்விடுவீர்கள். என்றைக்கு ஆரம்பித்தது, கூடுகிறதா குறைகிறதா, என்ன மாத்திரை போட்டீர்கள், எது செய்ய முடியாமல் போகிறது என்ற நான்கையும் எழுதுங்கள். 'ஐந்து நாளாக இருமல். நேற்றிலிருந்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்துமா உண்டு' என்ற மூன்று வரி போதும், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். வேலை விட்டு வரமுடியாதவர்கள் மாலை 6:30-க்கு மேலோ சனிக்கிழமையோ நேரம் கேட்கலாம். அது பக்கத்து சர்ஜரியில் கிடைக்கக்கூடும்.

ஜி.பி. வரை போகத் தேவையில்லாத சில நோய்களும் உண்டு. 2024 ஜனவரி 31 முதல் மருந்துக்கடை பார்மசிஸ்ட்டே ஏழு பிரச்சினைகளுக்கு, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் உட்பட, மருந்து கொடுக்கிறார்: தொண்டைப்புண், சைனஸ் தொல்லை, பிள்ளைகளின் காதுவலி, பூச்சிக்கடி சீழ் பிடித்தல், இம்பெட்டிகோ எனும் தோல் புண், அக்கி, 16 முதல் 64 வயதுப் பெண்களின் சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று. கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர்த் தொற்று என்றால் ஜி.பி.யிடம்தான் போக வேண்டும். இந்த ஏழைத் தவிர, டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கும் பழக்கம் மட்டும் இங்கே எங்கேயும் நடக்காது.

111-ம் 999-ம்

ஜி.பி. மூடிய பிறகு, அல்லது எங்கே போவது என்று தெரியாதபோது, 111-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. எடுப்பவர் டாக்டர் அல்ல. கம்ப்யூட்டர் காட்டும் கேள்விகளை வரிசையாகக் கேட்கப் பயிற்சி பெற்றவர். மூச்சு விட முடிகிறதா, ரத்தம் ஒழுகுகிறதா என்று, பல்வலிக்குப் பேசினாலும் முதலில் கேட்பார். எரிச்சல்பட வேண்டாம், அவை உயிர் ஆபத்தை விலக்கும் கேள்விகள். கடைசியில் நர்ஸையோ டாக்டரையோ திரும்பக் கூப்பிட வைப்பார், அல்லது அவசரச் சிகிச்சை மையத்தில் நேரம் போட்டுத் தருவார். கூடவே பேனாவும், நோயாளியின் பிறந்த தேதியும் போஸ்ட்கோடும் வைத்துக்கொள்ளுங்கள். மனம் தாங்கமுடியாத நிலையில் இருந்தால் 111-ல் எண் 2-ஐ அழுத்தினால் மனநல உதவி நேரே கிடைக்கும்.

ஆங்கிலம் சரளமாக வராத அம்மா அப்பாவுக்காகப் பேசுபவர்கள் கவனிக்க: 'டமில் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்' என்ற மூன்று சொல் போதும். லைனில் மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பார்கள், காசு கிடையாது. ஜி.பி.யிலும் ஆஸ்பத்திரியிலும் இதே உரிமை உண்டு. நேரம் வாங்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி பாட்டியின் மாதவிடாய்க்குப் பிந்தைய ரத்தப்போக்கைப் பற்றி மொழிபெயர்க்க வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். தகவலும் பாதி மாறிப்போகும்.

நெஞ்சை நசுக்குவது போல வலி, முகம் ஒரு பக்கம் தொங்குவது, கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு, வலிப்பு இவற்றுக்கெல்லாம் ஆம்புலன்ஸ் எண் 999. யோசிக்கவே வேண்டாம். இதயம் நின்றது போன்ற முதல் வகை அழைப்புக்கு சராசரியாக 7 நிமிடம், மாரடைப்பு, பக்கவாதம் அடங்கிய இரண்டாம் வகைக்கு சராசரியாக 18 நிமிடம் என்பது இங்கிலாந்து முழுக்க வைத்திருக்கும் இலக்கு. நெரிசல் நாட்களில் அது தவறும். அப்படியிருந்தும் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தவரைக் காரில் ஏற்றாதீர்கள் என்று ஏன் சொல்கிறோம்?

காரணம், ஆம்புலன்ஸ்காரர் கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார் என்பதில்லை. அடைபட்ட இதய ரத்தக்குழாயை உடனே பலூன் விட்டுத் திறக்கும் கென்ட்டின் மையம் ஆஷ்ஃபர்டில்தான். மெட்வேயில் மாரடைப்பு வந்தவரையும் ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு அங்கே கொண்டுபோவார்கள். பக்கவாதச் சிகிச்சையையும் ஒவ்வோர் ஊரிலும் சிதறவிடாமல் டார்ட்ஃபர்ட், மெய்ட்ஸ்டன், ஆஷ்ஃபர்ட் என்ற மூன்று இடங்களில் குவிப்பது என்று 2019-ல் முடிவெடுத்தார்கள். நாள் முழுக்க ஸ்கேனும் நிபுணரும் தயாராக இருக்கும் இடத்தில் பிழைப்பவர்கள் அதிகம் என்பதுதான் அதன் நியாயம். கோர விபத்து என்றால் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி வரை போவதும் உண்டு. காரில் நீங்களாகப் போனால் தப்பான கட்டடத்தில் இறங்கி, அங்கிருந்து மாற்றுவதற்கு இன்னொரு ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க நேரும்.

ஏ அண்ட் ஈ வாசலில்

கென்ட், மெட்வே பகுதியில் ஏ அண்ட் ஈ இருக்கும் ஆஸ்பத்திரிகள் ஆறு: ஆஷ்ஃபர்ட், மார்கேட், மெய்ட்ஸ்டன், பெம்பரியில் இருக்கும் டன்பிரிட்ஜ் வெல்ஸ், டார்ட்ஃபர்ட், மெட்வே. சுளுக்கு, தைக்க வேண்டிய வெட்டு, சின்ன எலும்பு முறிவு, சுட்டுக்கொண்ட கை என்றால் கிரேவ்சென்ட், செவன்ஓக்ஸ், டீல், ஃபோக்ஸ்டன், டோவர், கேன்டர்பரி போன்ற ஊர்களில் இருக்கும் அவசரச் சிகிச்சை மையங்களே போதும். அவற்றைச் சுருக்கமாக யு.டி.சி. என்பார்கள். அவை இரவில் மூடக்கூடும்; எக்ஸ்ரே இன்னும் சீக்கிரம் மூடும். ஆகவே கிளம்பும்முன் 111-ஐக் கேளுங்கள்.

ஏ அண்ட் ஈ-யில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. முதலில் ஒரு நர்ஸ் நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் பார்த்து ஆபத்தின் அளவை எடைபோடுவார். உங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போனால் அவர் நிலைமை மோசம் என்று பொருள். ஆம்புலன்ஸில் வந்ததாலேயே முந்திப் போய்விடவும் முடியாது. நான்கு மணி நேரத்துக்குள் நூற்றுக்கு 95 பேரையாவது பார்த்து அனுப்பவோ சேர்க்கவோ வேண்டும் என்பது விதித்த தரம். அது எட்டாத தூரத்துக்குப் போய்விட்டதால், 2026 மார்ச்சுக்கு 78 என்ற இடைக்கால இலக்கை அரசே வைத்தது. அதனால் போன் சார்ஜரும், அன்றைய மாத்திரைகளும், சர்க்கரை நோயாளியாக இருந்தால் சாப்பாடும் கையோடு எடுத்துப் போங்கள். ஆனால் வயிற்றுவலிக்காரர் டாக்டரைக் கேட்காமல் எதுவும் சாப்பிடக் கூடாது, ஆபரேஷன் தேவைப்படலாம். காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் எழுந்து போய் நர்ஸிடம் சொல்லுங்கள். அமைதியாக உட்கார்ந்திருப்பவர் சமாளித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

மெய்ட்ஸ்டன்வாசிகளுக்கு ஒரு குறிப்பு. மகப்பேறு நிபுணர்கள் இருக்கும் பிரசவப் பிரிவு 2011-லிருந்து பெம்பரியில்தான். மெய்ட்ஸ்டனில் இருப்பது சிக்கலில்லாத பிரசவத்துக்கு மிட்வைஃப்கள் நடத்தும் மையம். வலி எடுத்தால் எந்த எண்ணை அழைப்பது, எந்த வழியில் போவது என்று எட்டாம் மாதமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்பெஷலிஸ்ட்டுக்காகக் காத்திருப்பது

ஜி.பி. பரிந்துரைத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சிகிச்சை 18 வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது தரம். பல பிரிவுகளில் அதைத் தாண்டுகிறது. புற்றுநோய்ச் சந்தேகம் என்று அவசரமாக அனுப்பியிருந்தால் 28 நாளுக்குள் உண்டு அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். ஜி.பி. 'அவசரப் பரிந்துரை' என்று சொல்லி இரண்டு வாரம் ஆகியும் தகவல் வராவிட்டால் சர்ஜரிக்குப் போன் செய்யுங்கள். பரிந்துரை அனுப்பப்படாமல் கிடந்துவிடுவது உண்டு.

பெரும்பாலான திட்டமிட்ட சிகிச்சைகளுக்கு முதல் சந்திப்பை எந்த ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. டார்ட்ஃபர்டில் முட்டி மாற்று அறுவைக்கு வரிசை நீளமாக இருந்தால் லண்டனையோ சசெக்ஸையோ கேட்கலாம். பரிந்துரை எழுதும் நிமிடத்தில் கேட்பதுதான் சுலபம். 

தவறுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். வீடு மாறியதைச் சர்ஜரியில் சொல்லாமல் விட்டால் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பில் பல சமயம் எண் தெரியாது; விளம்பரக்காரர் என்று துண்டித்துவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போகும். சொல்லாமல் வராமல் இருந்துவிட்டால் பெயரை நீக்கி ஜி.பி.யிடமே திருப்பி அனுப்பிவிடலாம், வரிசையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். என்.எச்.எஸ். ஆப்பைப் போனில் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

எதற்குக் காசு, எதற்கு இல்லை

மருந்துச் சீட்டுக்கு ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு, 2024 மே முதல் இந்த விலை. சீட்டில் மூன்று மருந்து என்றால் 29.70. மாதாமாதம் மூன்று மருந்து வாங்குபவருக்கு வருடத்துக்கு 356.40 ஆகும். 114.50 பவுண்டு கட்டி ஒரு வருட முன்கட்டணச் சான்று எடுத்தால் எத்தனை மருந்து வாங்கினாலும் அவ்வளவுதான், தவணையிலும் கட்டலாம். 16 வயதுக்குக் கீழே, முழுநேரம் படிக்கும் 16 முதல் 18 வயது, 60 வயது நிரம்பியவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகி 12 மாதம் வரை இருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் இலவசம்.

நம் சமூகத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு எல்லா மருந்தும் இலவசம், சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாத மருந்தும் கூட. உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவருக்கு இது இல்லை. தைராய்டு குறைவுக்குத் தினமும் மாத்திரை எடுப்பவருக்கும் அப்படியே இலவசம். ஆனால் தானாக வராது, சர்ஜரியில் எஃப்.பி.92ஏ படிவம் கேட்டு வாங்கி, அட்டை எடுக்க வேண்டும். அட்டை இல்லாமல் 'எனக்கு இலவசம்' என்று டிக் அடித்தால், பின்னால் 100 பவுண்டு வரை அபராதக் கடிதம் வரும். அட்டை ஐந்து வருடத்தில் காலாவதியாகும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வரும் பெற்றோர் விஷயத்தில்தான் பெரிய அடி விழுகிறது. ஜி.பி. பார்ப்பதும் ஏ அண்ட் ஈ-யில் பார்ப்பதும் அவர்களுக்கும் இலவசம். வார்டில் சேர்த்த நிமிடத்திலிருந்து கட்டணம் தொடங்கும், அதுவும் என்.எச்.எஸ். விலையில் ஒன்றரை மடங்கு. உயிர் போகும் நிலையில் காசுக்காகச் சிகிச்சையை நிறுத்த மாட்டார்கள், ஆனால் பில் பின்னால் வரும். 500 பவுண்டும் அதற்கு மேலும் பாக்கி வைத்து இரண்டு மாதம் தாண்டினால் அடுத்த விசாவுக்குச் சிக்கல். டிக்கெட் எடுக்கும்போதே பயணக் காப்பீடு எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய ஸ்டென்ட் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். வேலை விசாவில் இருப்பவர்கள் விசாக் கட்டணத்தோடு வருடத்துக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருந்தால் இந்தக் கவலை இல்லை.

ஏதோ தவறாக நடக்கிறது என்று தோன்றினால்

கிழக்கு கென்ட்டின் பிரசவப் பிரிவுகளைப் பற்றி டாக்டர் பில் கிர்க்கப் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2022 அக்டோபரில் வந்தது. இறந்த 65 குழந்தைகளில் 45 பேரின் விஷயத்தில், தரமான கவனிப்பு கிடைத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்று அது சொன்னது. பெண்களும் குடும்பத்தாரும் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் குறை. டாக்டரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நாம் இதை மனதில் நிறுத்த வேண்டும்.

வார்டில் இருப்பவரின் நிலை மோசமாகிறது, சொன்னால் கேட்கவில்லை என்றால், 'மார்த்தா விதி' என்ற ஏற்பாட்டின்படி வேறொரு அவசர நிபுணர் குழுவை வந்து பார்க்கச் சொல்லலாம். அது நடைமுறையில் உள்ள ஆஸ்பத்திரிகளில் நோயாளியும் கேட்கலாம், குடும்பத்தாரும் கேட்கலாம். எண் எங்கே ஒட்டியிருக்கிறது என்று சேர்ந்த அன்றே நர்ஸிடம் கேட்டு வையுங்கள்.

அவ்வளவு அவசரமில்லாத குறைகளுக்கு ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் 'பால்ஸ்' என்ற உதவி மேசை உண்டு. முறையான புகாரை நடந்ததிலிருந்து, அல்லது தெரியவந்ததிலிருந்து, 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். டிரஸ்டின் கடைசி பதில் திருப்தி தராவிட்டால் நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே உதவப்போவது தேதியும் நேரமும்தான். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் ஒரு சின்ன நோட்டில் யார் வந்தார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பெயர் தெரியாவிட்டால் கேளுங்கள், சொல்வார்கள்.